முன்னுரிமையும் உள்ளாட்சி வரவு செலவுத் திட்டமும்

(ஊராட்சி, நகராட்சி அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)

உள்ளாட்சி மன்றம் ஒன்றின் வரவு செலவுத் திட்டத்தைப் படிப்பவருக்கு, அவ்வாண்டு எடுத்துக்கொள்ளப்படும் பணிகள் எவை என்பது தெரிகிறது. கேட்கப்பட்டும் எடுத்துக்கொள்ளப்படாத பணிகள் எவை என்பது தெரிவதில்லை. கேட்டவர்கள் யார், எத்தனை ஆண்டுகளாகக் கேட்கின்றனர், என்ன காரணத்தால் மறுக்கப்பட்டனர் என்பவை எந்த ஏட்டிலும் இல்லை. பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று கூறப்படும் கருத்து இங்கே முழு உருவத்தோடு நிற்கிறது. ஒரு தெருவுக்குச் சாலை போடுவதன் உண்மையான செலவு, அதே பணத்தில் செய்யக்கூடியதாக இருந்து செய்யப்படாமல் போன பணியேயாகும். அந்தச் செலவைச் சுமப்பவர் பெரும்பாலும் ஊரின் கடைசிக் குடியிருப்பில் இருப்பவர்.

முன்னுரிமை நிர்ணயம் என்பது வெறும் அலுவலக உத்தி என்று எண்ணப்படுவதுண்டு. அது தவறான எண்ணமாகும். பற்றாக்குறையான பொது நிதியை மக்களிடையே எவ்வாறு பகிர்வது என்ற நியாயத்தின் கேள்வியே அது. அதற்கு உதவும் கருவிகள் சில உள்ளன. அவற்றின் பயன் எது, எல்லை எது என்பவை இவ்வுரையில் ஆராயப்படுகின்றன.

சட்டம் தந்த பொறுப்பு

பல்வந்தராய் மேத்தா குழு 1957-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1959 அக்டோபர் 2 அன்று இராஜஸ்தானத்தின் நாகௌரில் பஞ்சாயத்து ராஜ்யம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் பல மாநிலங்களில் ஊராட்சிகள் நெடுங்காலம் மேலிருந்து வரும் திட்டங்களை நிறைவேற்றும் முகவர்களாகவே இருந்தன. எந்தப் பணி, எவ்வளவு தொகை என்பதை மேலிடமே முடிவு செய்தபோது, முன்னுரிமையைப் பற்றி ஊராட்சி சிந்திக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், 74-ஆம் திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. பதினொன்றாம் அட்டவணையில் 29 பொருள்களும், பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்களும் குறிக்கப்பெற்றன. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டுதல் உள்ளாட்சியின் கடமையாக அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. இவ்விரு சொற்களும் இணைத்தே கூறப்பட்டிருப்பது கருதத்தக்கது. வளர்ச்சியை மட்டும் அளந்து நீதியை அளக்காத எந்த முன்னுரிமை முறையும் அரசியலமைப்பின் நோக்கத்தைப் பாதியளவே நிறைவேற்றும்.

பொறுப்போடு நிதியும் பெருகியுள்ளது. 2015-20 காலத்திற்குப் பதினான்காம் நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் ரூ. 2,87,436 கோடி. 2021-26 காலத்திற்குப் பதினைந்தாம் நிதி ஆணையம் பரிந்துரைத்தது ரூ. 4,36,361 கோடி. இதில் ஊரக உள்ளாட்சிகளுக்கான பங்கு ரூ. 2,36,805 கோடி, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பங்கு ரூ. 1,21,055 கோடி, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்திற்குத் தரப்படுவது ரூ. 70,051 கோடி. எஞ்சிய தொகை புதிய நகரங்களுக்கும் பொது நகராட்சிச் சேவைகளுக்கும் ஒதுக்கப்பட்டது. நாட்டில் உள்ள ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்குப் பகிரும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சிறு தொகையே எனினும், அதைத் தேர்ந்து செலவிடும் பொறுப்பு பெரிதாகும்.

நிதியைப் பிரித்தறிதல்

முதற்கருவி மிக எளியது. முன்னுரிமை பற்றிய விவாதம் தொடங்கும் முன், எவ்வளவு பணத்தைப் பற்றி விவாதிக்க இயலும் என்பது தெளிவாக வேண்டும். பதினைந்தாம் நிதி ஆணையத்தின் ஊரக மானியத்தில் 60 விழுக்காடு நிபந்தனைக்குட்பட்டதாகும். அதில் ஒரு பாதி துப்புரவுக்கும் திறந்தவெளி மலம் கழித்தல் அற்ற நிலையைப் பேணுவதற்கும், மறுபாதி குடிநீர், மழைநீர் சேமிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றிற்கும் உரியது. எஞ்சிய 40 விழுக்காடு ஊரின் தேவைக்கேற்பச் செலவிடத்தக்கது; எனினும் அதிலிருந்து சம்பளமும் நிருவாகச் செலவும் வழங்குதல் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். இது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட கணக்கே. எந்த ஒரு குறிப்பிட்ட ஊராட்சியையும் சுட்டுவதன்று. ஓர் ஊராட்சிக்கு ஆணைய மானியம் ரூ. 25 லட்சம், வரியும் கட்டணமுமாகச் சொந்த வருவாய் ரூ. 6 லட்சம், ஆக மொத்தம் ரூ. 31 லட்சம். மானியத்தில் ரூ. 15 லட்சம் நிபந்தனைக்குட்பட்டது. சொந்த வருவாயில் மின் கட்டணம், பணியாளர் ஊதியம், குளோரின், பம்பு பழுதுபார்த்தல் ஆகியவற்றிற்கு ரூ. 5 லட்சம் போகிறது. ஆகவே ஊராட்சி தன் விருப்பப்படி தேர்ந்து செலவிடக்கூடியது ரூ. 10 லட்சமும் ரூ. 1 லட்சமும் சேர்ந்த ரூ. 11 லட்சமேயாகும். கிராம சபையில் ரூ. 31 லட்சம் என்று அறிவித்துவிட்டு ரூ. 11 லட்சத்திற்கு மட்டும் பணி எடுத்தால், எஞ்சிய பணம் எங்கே போயிற்று என்ற ஐயம் எழுவது இயல்பே. ஊராட்சியின் மீது மக்கள் கொள்ளும் அவநம்பிக்கையில் ஒரு பகுதி இந்தத் தெளிவின்மையால் விளைவதாகும்.

சொந்த வருவாய் எவ்வளவு முக்கியம் என்பதையும் இக்கணக்கு உணர்த்துகிறது. வீட்டு வரியை முறையாகத் திருத்தி மேலும் ரூ. 1 லட்சம் திரட்டும் ஊராட்சி, தன் வருவாயை 31-இல் ஒரு பங்கு பெருக்கிக்கொள்கிறது. தேர்ந்து செலவிடும் உரிமையையோ 11-இல் ஒரு பங்கு பெருக்கிக்கொள்கிறது.

இருப்பதைக் காத்தல்

புதிய பணிகளின் பட்டியல் நீள்வதும் பழைய சொத்துகளின் பராமரிப்பு மறக்கப்படுவதும் உள்ளாட்சி நிதியின் நாட்பட்ட நோய் எனலாம். புதிய கட்டடத்திற்குத் திறப்பு விழா உண்டு. பழைய கட்டடத்தின் கூரையைப் பழுதுபார்ப்பதற்கு விழா இல்லை. ஆனால் பொருளியல் நோக்கில் பழுதுபார்த்தலே பெரும்பாலும் அதிகப் பயன் தருகிறது. பத்தாயிரம் ரூபாய்ச் செலவில் சீராகக்கூடிய பம்பு நின்றுவிட்டால், பல லட்சம் ரூபாயில் கட்டிய மேல்நிலைத் தொட்டியும் குழாய்களும் பயனற்றுப் போகின்றன.

இதற்கான கருவி சொத்துப் பதிவேடாகும். ஒவ்வொரு சொத்தும் கட்டப்பட்ட ஆண்டு, தற்போதைய நிலை, ஆண்டுதோறும் தேவைப்படும் பராமரிப்புத் தொகை ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். நகராட்சிகளுக்கென 2004-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு இரட்டைப் பதிவு, சேர்வு அடிப்படைக் கணக்கு முறையை வலியுறுத்தியதன் ஒரு பயன் இதுவே. ரொக்க வரவு செலவை மட்டும் எழுதும் கணக்கில் தேய்மானம் தெரிவதில்லை. தேய்மானம் தெரியாத மன்றத்திற்குத் தன் செல்வம் குறைந்து வருவதும் தெரிவதில்லை.

ஒவ்வொரு புதிய பணிக்கும் மதிப்பீட்டோடு, அது முடிந்தபின் ஆண்டுதோறும் வரக்கூடிய செலவையும் எழுதிவைக்கும் வழக்கம் ஏற்பட்டால், பல பணிகளின் கவர்ச்சி தானே குறையும்.

தேவையை அளத்தல்

கோரிக்கையும் தேவையும் ஒன்றல்ல. மனு எழுதத் தெரிந்தவர், தலைவரை நேரில் காணக்கூடியவர், கிராம சபைக்கு வர நேரம் உள்ளவர் ஆகியோரின் கோரிக்கைகளே பட்டியலில் முதலில் ஏறுகின்றன. அன்றாடக் கூலியை இழந்து கூட்டத்திற்கு வர இயலாதவரின் தேவை பட்டியலிலேயே இடம்பெறாமல் போகலாம். பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு எந்தக் கருவியாலும் முன்னுரிமை தர முடியாது.

இக்குறையைப் போக்கப் புள்ளிவிவரம் உதவுகிறது. 2017 முதல் நடத்தப்பெற்ற அந்தியோதயா இயக்கக் கணக்கெடுப்பு, ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் உள்ள வசதிகளையும் குறைகளையும் தொகுத்து 100-க்கு மதிப்பெண் வழங்கியது. 2018 அக்டோபர் 2 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டங்களைத் தயாரிக்கும்போது இக்குறைப் பட்டியலைக் கிராம சபையின்முன் வைத்து விவாதிக்க வழி செய்யப்பட்டது. திட்டங்களையும் கணக்குகளையும் ஒரே இடத்தில் பதிவு செய்யும் இ-கிராம் சுவராஜ் தளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது.

ஆயினும் ஊராட்சி முழுமைக்குமான சராசரி எண் உட்குடியிருப்புகளின் நிலையை மறைத்துவிடக்கூடும். ஊராட்சியில் ஆரம்பப் பள்ளி உண்டு என்பது உண்மையாக இருக்கலாம். மழைக்காலத்தில் ஓடையைக் கடந்து அப்பள்ளிக்குச் செல்ல முடியாத குடியிருப்பு ஒன்று இருப்பதும் உண்மையாக இருக்கலாம். ஆகவே புள்ளிவிவரத்தோடு நேர்முக அறிவும் தேவைப்படுகிறது.

1980-களின் இறுதியிலிருந்து இந்தியாவில் பரவிய பங்கேற்பு ஊரக மதிப்பாய்வு முறை இதற்கு எளிய வழியைக் காட்டியது. மக்களே தரையில் ஊரின் படத்தை வரைகின்றனர். தேவைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எது முதன்மையானதோ அதற்கு ஒரு விதையையோ கல்லையோ வைக்கின்றனர். எழுத்தறிவு இல்லாதவரும் இதில் முழுமையாகப் பங்குகொள்ளலாம். ஆண்கள் குழுவும் பெண்கள் குழுவும் தனித்தனியே வைத்த விதைகளை எண்ணிப் பார்க்கும்போது, இரு வரிசைகளும் வேறுபடுவதுண்டு. ஊரின் கருத்து என்று வழக்கமாக எழுதப்படுவது யாருடைய கருத்து என்பது அப்போது விளங்கும்.

மதிப்பெண் அட்டவணை

முன்னுரிமைக் கருவிகளில் பெரிதும் வழங்குவது நிறையிட்ட மதிப்பெண் அட்டவணையாகும். அளவுகோல்கள் சிலவற்றை முதலில் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் அதன் முக்கியத்துவத்திற்கேற்ப நிறை தரப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு பணிக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுகிறது. மதிப்பெண்ணை நிறையால் பெருக்கிக் கூட்டினால் வரிசை கிடைக்கிறது.

முன்னர்க் கூறிய ஊராட்சியில் ரூ. 11 லட்சத்திற்கு ஆறு கோரிக்கைகள் வந்துள்ளன எனக் கொள்ளலாம். முதன்மைத் தெருவுக்குச் சிமெண்ட் சாலை ரூ. 6 லட்சம்; மழையில் துண்டிக்கப்படும் குடியிருப்புக்குச் சிறுபாலம் ரூ. 5 லட்சம், அங்கன்வாடிக் கூரைப் பழுது ரூ. 2 லட்சம், ஊராட்சி அலுவலகச் சுற்றுச்சுவர் ரூ. 4 லட்சம்; தெருவிளக்குகள் ரூ. 1.5 லட்சம், மயானப் பாதை ரூ. 3 லட்சம். மொத்தத் தேவை ரூ. 21.5 லட்சம்.

அளவுகோல்கள் நான்கு: வசதியின்மையின் கடுமை, பயன்பெறும் மக்கள் தொகை, தாமதத்தால் விளையும் கேடு, பராமரிக்கும் வாய்ப்பு. இவற்றின் நிறை முறையே 4, 2, 3, 1 என வைக்கப்படுகிறது. இவ்வரிசையிலேயே சிறுபாலத்திற்கு 5, 2, 4, 4 என மதிப்பெண் இட்டால், நிறையோடு பெருக்கிய கூட்டுத்தொகை 40. அங்கன்வாடிக் கூரைக்கு 4, 1, 5, 4 என இட்டால் 37. மயானப் பாதைக்கு 3, 4, 2, 3 என இட்டால் 29. சாலைக்கு 2, 5, 2, 3 என இட்டால் 27. தெருவிளக்குக்கு 3, 2, 2, 2 என இட்டால் 24. சுற்றுச்சுவருக்கு 1, 1, 1, 4 என இட்டால் 13. முதல் மூன்று பணிகளுக்கும் ஆகும் செலவு ரூ. 10 லட்சம். எஞ்சும் ரூ. 1 லட்சத்தைப் பராமரிப்புக்கென ஒதுக்கலாம்.

இனி, மதிப்பெண்களில் ஒன்றையும் மாற்றாமல், முதலிரண்டு அளவுகோல்களின் நிறையை மட்டும் இடம் மாற்றிப் பார்க்கலாம். வசதியின்மைக்கு 2, மக்கள் தொகைக்கு 4 எனக் கொண்டால், சிறுபாலம் 34, சாலை 33, அங்கன்வாடிக் கூரை 31, மயானப் பாதை 31, தெருவிளக்கு 22, சுற்றுச்சுவர் 13 என வரிசை மாறுகிறது. சிறுபாலமும் சாலையும் சேர்ந்து ரூ. 11 லட்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. ஒழுகும் கூரையின்கீழ் இருக்கும் குழந்தைகள் இன்னும் ஓராண்டு காத்திருக்க நேர்கிறது.

அளவைகளும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. மிகவும் பின்தங்கியோருக்கு முதலிடமா, மிகப் பலருக்கு முதலிடமா என்ற கேள்விக்கான விடை மட்டுமே மாறியது. இக்கேள்விக்கு விடை கூறுவது கணக்கரின் வேலையன்று. எழுத்தரோ பொறியாளரோ தம் மேசையிலிருந்து முடிவு செய்யத்தக்கதும் அன்று. அது மக்கள் மன்றம் வெளிப்படையாக விவாதித்து முடிவு செய்ய வேண்டியதாகும். அதிலும், பணிகளின் பட்டியல் வருமுன்னரே நிறைகளை முடிவு செய்தல் இன்றியமையாதது. பணிகளைக் கண்ட பின்னர் நிறையை அமைத்தால், விரும்பிய விடை வரும்வரை அட்டவணையைத் திருத்தும் வழக்கம் தோன்றிவிடும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஒவ்வொரு லட்ச ரூபாய்க்கும் கிடைக்கும் மதிப்பெண்ணைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துவதே சிக்கனம் என்று கூறப்படுவதுண்டு. முதலில் கொண்ட நிறைகளின்படி அவ்வாறு வகுத்தால் அங்கன்வாடிக் கூரை, தெருவிளக்கு, மயானப் பாதை ஆகிய மூன்றும் முன்னே வருகின்றன, அவற்றுக்கு ரூ. 6.5 லட்சம் போகிறது. எஞ்சும் ரூ. 4.5 லட்சத்தில் ரூ. 5 லட்சம் பெறும் சிறுபாலத்தைக் கட்ட இயலாது, ரூ. 6 லட்சம் பெறும் சாலையும் இயலாது. இயந்திரம்போல் பட்டியலை நிரப்பிக்கொண்டே சென்றால், கடைசி இடத்தில் உள்ள சுற்றுச்சுவருக்கு ரூ. 4 லட்சம் ஒதுக்கப்படும். அரை லட்சம் ரூபாய்க்காக ஒரு குடியிருப்பு மழையில் துண்டிக்கப்பட, அலுவலகம் சுற்றுச்சுவர் பெறும். தெருவிளக்கை ஓராண்டு ஒத்திவைத்துச் சிறுபாலத்தை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை என்பதை எவரும் உணர்வர். கருவி வழிகாட்டுமே தவிர, முடிவெடுப்பவரின் பொறுப்பை அது நீக்கிவிடாது.

அனுபவங்கள் சில

இந்தியாவில் இத்துறையில் பெரும் முயற்சியாக அமைந்தது 1996-ஆம் ஆண்டில் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமாகும். மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு வழங்க முடிவு செய்யப்பட்டது. கிராம சபைகளில் தேவைகள் கேட்டறியப்பட்டன. வளர்ச்சி அறிக்கைகள் எழுதப்பட்டன. வளர்ச்சிக் கருத்தரங்குகளில் அவை விவாதிக்கப்பட்டன. பணிக்குழுக்கள் திட்டங்களை வகுத்தன. எல்லாப் பணமும் சாலைகளுக்கே போய்விடாமல் காக்கத் துறைவாரி வரம்புகள் வகுக்கப்பட்டன. பெண்களுக்கான கூறுக்கு 10 விழுக்காடு ஒதுக்குமாறு பணிக்கப்பட்டது. தனிநபர் உதவி பெறுவோர், அறிவிக்கப்பட்ட அளவுகோல்களின்படி மதிப்பெண் இட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

தொடக்கத்தில் வந்த திட்டங்கள் பலவற்றில் தொழில்நுட்பக் குறைகள் இருந்தன. அவற்றைச் சீராக்க, ஓய்வுபெற்ற பொறியாளர் முதலான வல்லுநர்களைக் கொண்ட தன்னார்வத் தொழில்நுட்பக் குழு அமைக்கப்பட்டது. மக்களின் விருப்பமும் வல்லுநரின் அறிவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதும், இரண்டிற்கும் உரிய இடமும் வரிசையும் உண்டு என்பதும் அந்த அனுபவம் தந்த படிப்பினையாகும்.

வெளிநாடுகளில் பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் தொடங்கிய பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் பெரிதும் அறியப்பட்டது. அங்கே நகரின் பகுதிகளுக்கிடையே முதலீட்டைப் பகிர, அப்பகுதி மக்கள் தெரிவித்த முன்னுரிமை, வசதிக் குறைவு, மக்கள் தொகை ஆகியவை அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டன. நிறைகள் விதிகளாகவே வகுக்கப்பட்டிருந்தமையால், ஒவ்வொரு பகுதியும் தனக்குக் கிடைத்த பங்கைத் தானே சரிபார்க்க முடிந்தது.

இந்திய நகரங்களில் புணே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களின் யோசனைகளை வட்டார அலுவலகங்களின் வழியாகப் பெற்று வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கும் முறையைக் கையாண்டது. படிவம் வழியாக யோசனை பெறும் முறை எளிதாயினும், படிவத்தை அறிந்தவரின் குரலே அதில் மிகுந்து ஒலிக்கக்கூடும் என்பதை இம்முறையை மேற்கொள்ளும் எந்த நகரமும் மறத்தலாகாது. குடிசைப் பகுதிகளுக்கு அலுவலரே சென்று கேட்டறிதல் அதற்கு மாற்றாகும்.

பழைய செலவுகளையும் வினவுதல்

புதிய பணிகளுக்கிடையே போட்டி வைப்பதோடு முன்னுரிமை முடிவதில்லை. ஆண்டுதோறும் தொடர்ந்துவரும் செலவுகளும் அதே சோதனைக்கு உட்பட வேண்டும். சென்ற ஆண்டுத் தொகையோடு பத்து விழுக்காடு சேர்த்து எழுதுவதே பல அலுவலகங்களின் வழக்கமாகும். இதற்கு மாற்றாகவே பூஜ்ய அடிப்படை வரவு செலவுத் திட்டம் தோன்றியது. அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஒன்றில் பீட்டர் பைர் உருவாக்கிய இம்முறையை, 1970-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா மாநிலத்தில் ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் மேற்கொண்டார். இந்தியாவில் 1980-களின் பிற்பகுதியில் மத்திய அரசும் மகாராஷ்டிர அரசும் இதைக் கைக்கொள்ள முயன்றன.

ஒவ்வொரு செலவையும் ஆண்டுதோறும் அடியிலிருந்து ஆராய்வதற்கு வேண்டிய பணியாளரும் காலமும் சிறு ஊராட்சிகளிடம் இல்லை. ஆகவே ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்குச் செலவினங்களை மட்டும் எடுத்து முழுமையாக ஆராய்ந்தால், ஐந்தாண்டுப் பதவிக் காலத்திற்குள் எல்லாச் செலவுகளும் ஒருமுறை வினவப்பட்டுவிடும். இச்செலவு இல்லாவிடில் என்ன ஆகும், இதே பயனைக் குறைந்த செலவில் பெற முடியுமா, இதனால் பயன்பெறுவோர் இன்றும் இருக்கின்றனரா என்ற மூன்று கேள்விகள் போதும்.

தன் எல்லையைக் கடந்த பணிகளையும் ஊராட்சி நினைவில் கொள்ள வேண்டும். ஒரே நீர்நிலையைப் பகிரும் ஊர்கள், ஒரே குப்பைக் கிடங்கைப் பயன்படுத்தும் நகரமும் கிராமமும் தனித்தனியே முன்னுரிமை வகுத்தால், பொதுவான பணி எவருடைய பட்டியலிலும் முதலிடம் பெறாது. பொது நலன் சார்ந்த பணிகளையும், நீர் உள்ளிட்ட வளங்களைப் பகிர்வதையும் கருத்தில் கொள்ளுமாறு மாவட்டத் திட்டக் குழுவை அரசியலமைப்பு பணித்திருப்பது இதனாலேயே.

ஒத்திவைப்புப் பட்டியல்

இக்கருவிகள் அனைத்தும் முழுப் பயன் தர ஒரு சிறு சீர்திருத்தம் வேண்டும். ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தோடும், ஏற்கப்படாத பணிகளின் பட்டியல் ஒன்றை இணைத்தல் வேண்டும். பணியின் பெயர், பயன்பெறவிருந்த குடியிருப்பு, முதன்முதலில் கேட்கப்பட்ட ஆண்டு, பெற்ற மதிப்பெண், ஒத்திவைத்ததற்கான காரணம் ஆகிய ஐந்தே பத்திகள் போதும். அதைக் கிராம சபையில் படித்துக் காட்டி, அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தால் செலவு ஏதுமில்லை.

இதனால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவதாக, மறுக்கப்பட்டவர் தம் கோரிக்கை தொலைந்துபோகவில்லை என்பதையும், எதற்காகப் பின்தள்ளப்பட்டது என்பதையும் அறிகிறார். காரணம் தவறாயின் மறுத்துரைக்க அவருக்கு இடம் கிடைக்கிறது. இரண்டாவதாக, ஒரே குடியிருப்பின் பெயர் மூன்று, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அப்பட்டியலில் வருமாயின், நிறைகளிலோ மதிப்பீட்டிலோ பிழை உண்டு என்பது தானே வெளிப்படும். நான்காம் ஆண்டில் அத்தகைய பணிக்குக் கூடுதல் மதிப்பெண் தருவது என்ற விதியையும் வகுக்கலாம். மூன்றாவதாக, ஆண்டின் இடையில் புதிய மானியம் வரும்போது, அவசரமாகப் பணி தேட வேண்டியதில்லை. மார்ச்சு மாதக் கடைசியில் கண்ணில் பட்டதற்கெல்லாம் பணம் செலவிடும் வழக்கத்திற்கு இது நல்ல மருந்தாகும்.

இதை அலுவலர்கள் தயங்கி வரவேற்பது இயல்பே. காரணத்தை எழுதினால் கேள்வி வரும் என்ற அச்சம் உண்டு. ஆனால் எழுதப்படாத காரணமும் கேள்விக்குத் தப்புவதில்லை. அது சந்தேகமாக உருமாறி ஊரெங்கும் உலவுகிறது. எழுதப்பட்ட காரணம் அலுவலருக்கும் அரணாகும். தலைவர் மாறினாலும், அலுவலர் மாற்றலாகிச் சென்றாலும், அடுத்து வருபவருக்கு அப்பட்டியல் ஊரின் நினைவாக நிற்கும்.

மாணவர்களுக்கும் இதில் பணி உண்டு. தம் ஊரின் மூன்றாண்டு வரவு செலவுத் திட்டங்களை எடுத்து, எந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு சென்றது என்று கணக்கிட்டாலே பொது நிதி பற்றிய பாடங்கள் பல விளங்கும். கிராம சபைத் தீர்மான ஏட்டில் கேட்கப்பட்டவற்றையும், செலவுக் கணக்கில் செய்யப்பட்டவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எந்த ஊரிலும் செய்யக்கூடிய ஆய்வாகும்.

எல்லாத் தேவைகளையும் ஒரே ஆண்டில் நிறைவேற்ற எந்த மன்றத்தாலும் இயலாது என்பதை மக்கள் அறிவர். சிறுபாலம் இவ்வாண்டு வராது என்றால் பொறுத்துக்கொள்ளும் பக்குவம் அவர்களிடம் உண்டு. ஏன் வரவில்லை, எப்போது வரும், தமக்கு முன் வைக்கப்பட்டவர் யார் என்பதைக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அக்கேள்விக்கு எழுத்தில் விடை வைத்திருக்கும் ஊராட்சியே தன் வரவு செலவுத் திட்டத்தை முழுமையாக எழுதி முடித்த ஊராட்சியாகும்.